முடியுரு நாடியும் மரபணுவும்: வாசகர் கேள்வி பதில்

மாரடைப்பு வந்தவரை எத்தனை நேரத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியபோது, குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசிகளுள் ஒன்று மரபணுத் தொழினுட்பத்தால் செய்யப்பட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. எனவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே போகிறது. பாடநூல்கள் பரம்பரையலகு என்று சொல்வதை நான் மரபணு என்றே எழுதுகிறேன். மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். மீளச்சேர்ந்த டி.என்.ஏ பற்றிய பாடத்தில் எப்போதும் இன்சுலினையே உதாரணமாகச் சொல்கிறார்கள். இதயத்துக்கு இந்தத் தொழினுட்பம் என்ன செய்தது, ஐயா?
மாணவி, உவர்மலை

பரீட்சைக்கு இரண்டு வரி போதும், மகளே. ஆனால் கதை அதைவிட நீளமானது.

மாரடைப்பின்போது, இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிக்குள் குருதி உறைந்து கட்டியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டியை இறுக்கிப் பிடித்திருப்பது பைபிரின் என்னும் புரத நார். நாரை அறுக்கும் கத்தி நம் குருதியிலேயே இருக்கிறது; ஆனால் அது பிளாஸ்மினோஜன் என்ற பெயரில், உறைக்குள் இட்ட கத்தியாகச் சுற்றிவருகிறது. உறையைக் கழற்றுவது டி.பி.ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதியம். இந்த நொதியத்தின் சிறப்பு, அது பைபிரினில் ஒட்டிக்கொண்ட பின்னரே முழு வேகத்துடன் வேலை செய்கிறது என்பதாகும். ஆகவே கத்தி பெரும்பாலும் கட்டி இருக்கும் இடத்திலேயே உருவப்படுகிறது.

இத்தனை நல்ல பொருள் உடலில் மிகமிகச் சிறிய அளவிலேயே கிடைக்கிறது. 1979 இல் மனிதக் கருப்பை இழையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்களுக்கு 5 கிலோகிராம் இழையத்துக்கு 1 மில்லிகிராம் அளவே கிட்டியது. ஒரு நோயாளிக்கோ ஏறத்தாழ 100 மில்லிகிராம் தேவை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வழி திறந்தது வேறொரு பக்கத்திலிருந்து. 1973 இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும், டி.என்.ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதியத்தையும் வெட்டியதை ஒட்டும் நொதியத்தையும் கொண்டு, ஓர் உயிரின் டி.என்.ஏத் துண்டைப் பக்டீரியாவின் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையத்தில் செருகிப் பெருகச் செய்யலாம் என்று காட்டியிருந்தார்கள். உங்கள் பாடத்தில் வரும் மீளச்சேர்ந்த டி.என்.ஏ இதுதான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் டெசிரே கொலென் என்னும் மருத்துவரின் குழு, டி.பி.ஏயை வழமைக்கு மாறாக ஏராளமாகச் சுரக்கும் ஒரு தோற்புற்றுக் கலவரிசையை வைத்து ஆராய்ந்து வந்தது. ஜெனென்டெக் நிறுவனத்தில் டயான் பெனிக்காவின் குழுவினர் அதே கலங்களிலிருந்து, மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யுமிடத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏயை எடுத்து, அதைப் பார்த்து டி.என்.ஏ எழுதி, பக்டீரியாவுக்குள் ஏற்றி, 527 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் முழு வரிசையையும் 1983 இல் வெளியிட்டார்கள்.

இவ்விடத்தில் பாடநூல் சொல்லாத ஒரு சிக்கலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின் சிறிய புரதம். பக்டீரியாவால் சமாளிக்க முடிந்தது. டி.பி.ஏயோ பதினேழு கந்தகப் பிணைப்புகளால் மடித்துத் தைக்கப்பட்டது, மேலே வெல்லச் சங்கிலிகளும் பொருந்தியது. அந்தத் தையல் வேலை பக்டீரியாவுக்குத் தெரியாது. ஆகவே உற்பத்தி, சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சூலகக் கலங்களுக்கு மாற்றப்பட்டது. பெருந்தொட்டிகளில் வளர்ந்த அக்கலங்கள் சுரந்த மருந்துக்கு 1987 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் அதே மரபணுவில் மூன்று இடங்களில் எழுத்துகளை மாற்றி, குருதியில் கூடிய நேரம் தங்கக்கூடிய டெனெக்டெப்ளேஸ் செய்யப்பட்டது. முன்னையதை ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்; பின்னையதை ஒரே ஊசியாகச் சில விநாடிகளில் போட்டுவிடலாம். குச்சவெளியிலிருந்தோ வெருகலிலிருந்தோ நோயாளியைக் கொண்டுவரும் ஒரு மாவட்டத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

பழைய மருந்தாகிய ஸ்ட்ரெப்டோகைனேசைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1993 இல் வெளியான, 41,000 பேர் பங்கெடுத்த ஓர் ஆய்வில், முப்பது நாட்களுக்குள் இறந்தோர் டி.பி.ஏ பெற்றவர்களில் 6.3 சதவீதம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு பேருக்கு ஏறத்தாழ ஓர் உயிர். விலை வேறுபாடோ பல மடங்கு. எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் ஏழை நாடொன்றின் சுகாதார அதிகாரிக்கு அது இலகுவான கணக்கு அல்ல.

வாப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்து சுகமாகிவிட்டார். அவருக்குப் போட்ட ஊசிகளில் பன்றியிலிருந்து எடுத்தது ஏதும் இருந்திருக்குமா என்று வீட்டில் கதைக்கிறார்கள்.
வாசகர், கிண்ணியா

கட்டியைக் கரைக்கும் ஊசியில் இல்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்டீரியாவிலிருந்து வருவது. டெனெக்டெப்ளேஸ் எப்படி வருகிறது என்று மேலே சொன்னேன். ஆனால் குருதி மீண்டும் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பரின், ஈனொக்சபரின் ஆகியவை இன்றும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே பெறப்படுகின்றன. இதை மறைப்பது நேர்மையாகாது.

இன்சுலினைப் பன்றியிலிருந்து பக்டீரியாவுக்கு மாற்றியவர்கள் ஹெப்பரினை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஹெப்பரின் புரதம் அன்று. அது நீண்டதொரு வெல்லச் சங்கிலி. மரபணு நேரடியாக எழுதித் தருவது புரதத்தை மட்டுமே. ஆகவே ஒரு மரபணுவைச் செருகி ஹெப்பரினைக் கறந்துவிட முடியாது. அட்டை கடித்த இடத்தில் குருதி நிற்காமல் ஓடச் செய்யும் ஹிருடின் புரதம் என்பதால், அதை ஈஸ்டில் வைத்துத் தயாரிக்க முடிந்தது. பொண்டாபரினக்ஸ் என்று முழுக்க முழுக்க இரசாயன முறையில் செய்யப்படும் ஒரு மாற்று மருந்தும் உண்டு, மாரடைப்புக்குப் பயன்படுகிறது. அடுத்த முறை தேவைப்பட்டால் வைத்தியரிடம் அது கிடைக்குமா என்று கேட்கலாம். உயிராபத்து வேளையில் எது ஆகும் என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதில் நான் வாய்வைப்பது முறையல்ல.

அப்பா 41 வயதிலும் பெரியப்பா 44 வயதிலும் மாரடைப்பால் காலமானார்கள். எனக்கு 29 வயது. வயல் வேலை செய்கிறேன், மெலிந்த உடம்பு. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரோல் 260 என்று வந்திருக்கிறது. எண்ணெய், இறைச்சி எல்லாம் குறைத்தும் பெரிதாக இறங்கவில்லை. மாமியின் மகளை, அதாவது அப்பாவின் தங்கையின் மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். இது பரம்பரை நோயா?
வாசகர், தம்பலகாமம்

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் சந்தேகிக்க வேண்டும். உறுதிசெய்ய வேண்டியவர் உங்களைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர். குதிக்கால் நாண் தடித்திருக்கிறதா, கருவிழியின் ஓரத்தில் வெள்ளை வளையம் விழுந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்வதைச் சுமந்துசெல்லும் எல்.டி.எல் துணிக்கைகளைக் குருதியிலிருந்து இறக்கி உள்ளே எடுப்பதற்கு, ஈரற் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் என்னும் புரதங்கள் உண்டு. அமெரிக்காவின் டலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர், சிறுவயதிலேயே மாரடைப்புக்கு உள்ளாகும் பிள்ளைகளின் தோற்கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றில் இந்த வாங்கி வேலை செய்யாததை 1970களில் கண்டுபிடித்தார்கள். 1985 இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1984 இல் அந்த வாங்கியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டு வாசிக்கப்பட்டது. அது 19 ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் நமக்கு இரண்டு பிரதிகள் வருகின்றன. ஒன்று பழுதானால் வாங்கிகள் பாதியாகக் குறைகின்றன. எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும் துறைமுகத்தில் சாமான் இறக்கும் கைகள் பாதியாகவே இருக்கும். இவ்வகைப் பழுது சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் உண்டு. ஆகவே நீங்கள் செய்த குற்றம் என்று எதையும் நினைத்து வருந்த வேண்டாம்.

இப்போது கலியாணப் பேச்சு. ஒரு பிரதி பழுதானவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. இருவருக்குமே அதே பழுது இருந்தால், நான்கில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகப் போகும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவம் இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். தாய்வழியில் மாமாவின் மகளைப் பேசியிருந்தால் இக்கவலை மிகக் குறைவு. அப்பாவின் தங்கையின் மகள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சொந்தத்துக்குள் முடிக்கக் கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஆள் நான் அல்லன். மாமிக்கும் மச்சாளுக்கும் சாதாரணக் கொலஸ்ட்ரோல் பரிசோதனை ஒன்றைச் செய்யுங்கள். செலவு கூடிய மரபணுப் பரிசோதனை முதற்படியில் தேவையில்லை. மச்சாளின் அளவு இயல்பாக இருந்தால் பேச்சைத் தொடரலாம். கூடியிருந்தால் வைத்தியரோடு இருவரும் உட்கார்ந்து கதைக்க வேண்டும். உங்கள் சகோதரங்களையும் விட்டுவிடாதீர்கள்.

மருந்து உண்டு. ஸ்டேட்டின் மாத்திரை ஈரலின் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைக் குறைக்கிறது. தட்டுப்பாட்டை உணர்ந்த ஈரல், மீதமுள்ள நல்ல பிரதியிலிருந்து கூடுதல் வாங்கிகளைச் செய்து மேற்பரப்புக்கு அனுப்புகிறது. இம்மாத்திரையை மரபணு ஆய்வு பெற்றெடுக்கவில்லை, அது ஜப்பானில் ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்தது. ஆனால் அடுத்த மருந்து முழுக்க மரபணு ஆய்வின் பிள்ளை, அதன் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் குடும்பத்தைப் போன்ற சில பிரெஞ்சுக் குடும்பங்களில் வாங்கி மரபணு நன்றாகவே இருந்தது. ஆனாலும் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. 2003 இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாக பி.சி.எஸ்.கே 9 என்னும் வேறொரு மரபணுவைச் சுட்டினார்கள். அம்மரபணுவின் புரதம் வாங்கியைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது. இக்குடும்பங்களில் அது அளவுக்கு மீறி வேலை செய்தது. அப்படியானால் அது வேலை செய்யாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று டலஸில் ஹெலன் ஹொப்ஸும் ஜோனதன் கோஹனும் கேட்டார்கள். என் கணிப்பில் இதயவியல் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளில் இது ஒன்று. நோயாளியைத் தேடுவது யாருக்கும் வரும், நோய் வராதவரைத் தேடத் தோன்றுவது அரிது. கறுப்பின அமெரிக்கர்களில் சிலரிடம் இம்மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுடைய கெட்ட கொலஸ்ட்ரோல் 28 சதவீதம் குறைவு. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில் முடியுரு நாடி நோயோ 88 சதவீதம் குறைவு. இரண்டு பிரதிகளும் செயலிழந்த ஒரு பெண்ணின் எல்.டி.எல் வெறும் 14. அவர் நல்ல சுகதேகியாக இருந்தார். இப்புரதத்தை இல்லாமல் செய்தால் ஆபத்து இல்லை என்பதற்கு இயற்கையே சாட்சி சொல்லிவிட்டது. 2015 இல் அதைப் பிடித்து நிறுத்தும் பிறபொருளெதிரிகள் ஊசிமருந்தாக வந்தன. அவற்றை உற்பத்தி செய்பவையும் மரபணு ஏற்றப்பட்ட அதே ஹாம்ஸ்டர் கலங்கள்தாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போடும் இன்க்ளிசிரான் என்னும் ஊசி இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ஈரலில் அந்தப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏயையே அழிக்கிறது. விலை அதிகம். ஆகவே உங்களுக்கு முதலில் ஸ்டேட்டின், போதாவிட்டால் எஸெட்டிமைப். அவற்றை ஒருநாளும் விடாமல் எடுப்பதே இப்போதைய வேலை.

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் 19 வயதுப் பந்தாட்ட வீரர் திடலிலேயே விழுந்து இறந்தார். இதயத் தசை தடித்திருந்தது என்று பிரேத பரிசோதனையில் சொன்னார்கள். அவருடைய தம்பியும் எங்கள் அணியில் ஆடுகிறார்.
கழகச் செயலாளர், நிலாவெளி

தம்பியை இன்றே திடலிலிருந்து நிறுத்தி ஈ.சி.ஜியும் எக்கோவும் எடுக்கச் செய்யுங்கள். பெற்றோருக்கும் அதே பரிசோதனை வேண்டும். எக்கோ இன்று இயல்பாக இருந்தாலும் இளம் வயதினருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தடிப்பு பின்னரும் தோன்றக்கூடும்.

ஐந்நூறு பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நோயின் முதல் மரபணு, கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தின் பல தலைமுறைகளை ஆராய்ந்து 1990 இல் கண்டுபிடிக்கப்பட்டது. இதயத் தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்தின் 403 ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, டி.என்.ஏயில் ஒரே ஓர் எழுத்து. அதே மாற்றத்தை எலியில் புகுத்தியபோது எலியின் இதயமும் நோயுற்றது. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் காரணம் நிறுவப்பட்டது. பழுதான மயோசின் சோம்பலானது அல்ல, மிகையாக உழைப்பது என்பதும் நாளடைவில் தெளிவானது. அதை அடக்கும் மாவகம்டென் மாத்திரைக்கு 2022 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம்மவர்களைப் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. மயோசினோடு இணைந்து நிற்கும் இன்னொரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதமானவர்களிடம் இருப்பதாக 2009 இல் இந்திய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது இதயச் செயலிழப்பு வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுவதாகவும் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. பிந்திய ஆய்வுகளோ, அந்த விடுபாடு மட்டும் உள்ள பெரும்பாலானோருக்கு ஆபத்து முதலில் நினைத்த அளவு இல்லை என்றும், அதோடு சேர்ந்து அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் உள்ள சிறு பகுதியினரே கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்றும் காட்டுகின்றன. ஆகவே கழகத்தின் எல்லா வீரர்களுக்கும் மரபணுப் பரிசோதனை என்று இறங்க வேண்டாம். இறந்த வீரரின் குடும்பத்தில் பழுது எது என்று தெரிந்தால் மட்டுமே தம்பிக்கு அப்பரிசோதனை பொருள்படும். திடலில் மயங்கியவர், ஓடும்போது நெஞ்சு நொந்தவர், குடும்பத்தில் இளவயது மரணம் உள்ளவர் ஆகியோரைக் கேட்டறிந்து அவர்களுக்கு எக்கோ எடுப்பதே காசைச் சரியாகச் செலவழிக்கும் வழி.

வெந்நீரூற்றில் வாழும் ஒரு கிருமியால்தான் மரபணு ஆய்வு நடக்கிறதாமே! அப்படியானால் நம் கன்னியாவிலும் அது இருக்குமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகரம்

அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் தோமஸ் பிரொக் கண்டெடுத்த பக்டீரியா அது. ஒரு சொட்டுக் குருதியிலுள்ள டி.என்.ஏயைக் கோடிக்கணக்கில் பெருக்கும் பி.சி.ஆர் முறையில், ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகைவரை சூடாக்க வேண்டும். சாதாரண நொதியம் முதற்சுற்றிலேயே வெந்துவிடும். இந்தப் பக்டீரியாவின் நொதியம் தாங்கும். தம்பலகாமம், நிலாவெளி வாசகர்களுக்குச் சொன்ன மரபணுப் பரிசோதனைகளுக்கும் இதுவே கைகொடுக்கிறது. ஆனால் அப்பக்டீரியாவுக்குப் பிடித்தது 70 பாகையளவுச் சூடு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக ஊன்றியதாக நாம் சொல்லிவரும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலோ மக்கள் வாளி வாளியாக அள்ளிக் குளிக்கிறார்கள். அவ்வளவு இதமான நீர் அதற்குக் குளிரும்.

அம்மாவின் இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். பலவீனமான இதயத்துக்குள் மரபணுவை ஏற்றினால் பலமாகிவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். காணியை விற்றாவது இந்தியாவுக்குக் கூட்டிப்போகலாமா?
வாசகி, மூதூர்

காணியை விற்க வேண்டாம். அந்த 30 நூற்றுக்கு எடுத்த புள்ளி அல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னிடமுள்ள குருதியில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதே அது. நல்ல இதயத்துக்கே அது 55 முதல் 70 வரைதான்.

நீங்கள் பார்த்தது முற்றிலும் பொய்யன்று. துடிப்புக்குப் பின் கல்சியத்தை உள்ளே இழுத்துச் சேமிக்கும் பம்பி ஒன்று நலிந்த இதயத்தில் குறைந்துவிடுகிறது. அதன் மரபணுவைத் தீங்கற்ற வைரசு ஒன்றில் வைத்து முடியுரு நாடி வழியாக ஏற்றினார்கள். முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தந்தன. 250 நோயாளிகளைக் கொண்ட பெரிய சோதனையின் முடிவு 2015 இல் வந்தபோது பயன் எதுவும் இல்லை. மரபணு போய்ச் சேர்ந்த இதயக் கலங்கள் மிகச் சிலவே. ஈரலுக்குள் எதையும் அனுப்புவது இலகு, அதன் வேலையே குருதியை வடிப்பது. ஓயாமல் துடிக்கும் தசைக்குள் அனுப்புவது கடினம். இதயத்துக்காக இதுவரை வெற்றிகண்ட மரபணு மருந்துகள் பெரும்பாலும் ஈரலில் வேலை செய்பவை என்பதை மேலே வாசித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். ஈரலில் உருவாகும் ஒரு புரதம் இதயத்தில் படியும் அரிய நோய்க்கு, ஈரலிலேயே மரபணுவைத் திருத்தும் முறை 2021 இல் முதல் ஆறு பேரிடம் நல்ல பலன் காட்டியது. அது உங்கள் அம்மாவுக்கு உள்ள நோய்தானா என்று தெரியாமல் அதை நினைத்துப் பயனில்லை.

அவருக்கு இப்போதே கிடைக்கக்கூடியது வேறு. 1981 இல் கனடாவில் அடோல்போ டி போல்ட், எலியின் இதயத்தின் மேலறையாகிய சோணையறையைக் கரைத்துப் பிற எலிகளுக்கு ஏற்றியபோது அவை ஏராளமாக உப்பையும் நீரையும் வெளியேற்றின. இதயம் வெறும் பம்பி அல்ல, ஓமோன் சுரக்கும் உறுப்பும் கூட என்று தெரிந்தது அப்போதுதான். சில ஆண்டுகளில் அந்த ஓமோனின் மரபணு வாசிக்கப்பட்டது. அதன் உறவான இன்னொன்று 1988 இல் பன்றி மூளையில் முதலில் அகப்பட்டதால் பி.என்.பி என்று மூளையின் பெயரைச் சூட்டிக்கொண்டது, ஆனால் அதை அதிகம் சுரப்பது இதயமே. மூச்சுத்திணறல் இதயத்தாலா நுரையீரலாலா என்று அறிய இன்று எடுக்கும் குருதிப் பரிசோதனை அதுதான். இந்த ஓமோன்கள் சிதையாமல் காக்கும் சகுபிட்ரில் என்னும் மருந்து, வல்சார்ட்டனோடு சேர்த்து ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவின் மருந்துக் கொப்பியைக் கையோடு எடுத்துச் சென்று, இந்த மாத்திரை அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் ஏற்கெனவே எனலப்ரில் குடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தி 36 மணி நேரம் கழிந்த பின்னரே இதைத் தொடங்க வேண்டும். ஆகவே நீங்களாகவே பாமசியில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.